நெல்லையிலிருந்து ஜாஸ் படிக்கப் போகிறவர்களுக்கு: ‘ச’ நகரும்போது என்ன செய்வது

முதல் செமஸ்டர், மூன்றாவது வாரம். ஐந்து பேர் சின்னக் குழுவாகச் சேர்ந்து வாசிக்கும் காம்போ வகுப்பு. பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ், டிரம்பெட், ஆல்டோ சாக்ஸோடு நான். அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-ல் பதிவுசெய்த ‘ஸோ வாட்’ வாசிக்கிறோம். பாளையங்கோட்டையில் இருந்தபோதே இந்தப் பாட்டைக் கேட்டு, ‘அட, இது நம்ம கரகரப்பிரியால்லா!’ என்று துள்ளியவன் நான். முதல் பதினாறு பார் (நான்கு எண்ணிக்கை ஒரு பார்) சுகமாகப் போனது. ரி-யைப் பிடித்து, க-வை அசைத்து, கொஞ்சம் கமகம் தூவி, கண்ணையும் மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் டிரம்பெட் வாசிக்கும் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பியானோவும் பேஸும் அரை சுரம் மேலே ஏறிப் போய் வெகுநேரமாகிவிட்டது. எட்டு பார் முழுக்க, பஸ் போனது தெரியாமல் ஸ்டாண்டில் நிற்கிறவன் மாதிரி, நான் மட்டும் பழைய ச-விலேயே நின்றிருக்கிறேன்.

ஆசிரியர் திட்டவில்லை. “பிரிட்ஜ் எங்கே போச்சு?” என்று மட்டும் கேட்டார். பாட்டின் நடுவில் அப்படி மாறி வரும் பகுதிக்குத்தான் அந்தப் பேர்.

நாகஸ்வரமும் கீர்த்தனையும் பேண்ட் செட்டும் கேட்டு வளர்ந்த பையனோ பெண்ணோ ஜாஸ் படிக்கப் போனால் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் இதுதான். நமக்கு ச என்பது வீட்டு நிலை மாதிரி, அசையாது. ஜாஸில் அது பாட்டுக்குள்ளேயே இடம் மாறும். இந்த ஒன்றுக்குக் காதைத் தயார்செய்துகொண்டு போனால் முதல் வருடத்தில் பாதி அழுகை மிச்சம். கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி அதற்கான தயாரிப்பு. மீதி பணம், பாஸ்போர்ட், பெரியப்பா.

பட்டம் வேண்டுமா என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

பெரியப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். “ஏலே, ஊதுததுக்கு எதுக்குலே காலேஜு? காருகுறிச்சியார் எந்தக் காலேஜ்ல படிச்சாரு?” என்றார். நியாயமான கேள்வி. நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஆனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்தார். ஜாஸிலும் ரொம்ப காலம் அப்படித்தான். லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் சார்லி பார்க்கரும் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. மூத்தவர்களோடு ராத்திரி ராத்திரியாக வாசித்துக் கற்றவர்கள். அமெரிக்காவில் நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம் முதன்முதலாக ஜாஸில் பட்டப்படிப்பைத் தொடங்கியதே 1947-ல்தான். பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரி 1945-ல் ஒரு சின்னப் பள்ளியாக ஆரம்பித்தது.

அப்படியானால் கல்லூரி எதற்கு? ஒரே காரணம்: உங்களைவிட நன்றாக வாசிக்கிற இருபது முப்பது பேர் ஒரே கட்டடத்தில் கிடைப்பார்கள். நெல்லை வண்ணாரப்பேட்டையில் டபுள் பேஸ் வாசிக்கிற ஆளைத் தேடி நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும். இசைக் கோட்பாடு, வரலாறு, நோட்டேஷன் எல்லாம் வீட்டிலிருந்தே படிக்கலாம். கூட வாசிக்க ஆளை மட்டும் அப்படிப் பெற முடியாது. வாரத்தில் மூன்று நாள் காம்போ வகுப்பு இல்லாத கல்லூரியில் ஜாஸ் என்ற பேரில் பட்டம் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நுழைவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, “வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து வாசிப்பேன்?”

நேரே நான்கு வருடப் படிப்புக்குக் கடன் வாங்காமல், ஒரு வருடம் இந்தியாவுக்குள்ளேயே படித்துப் பார்ப்பது நல்லது. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. அங்கே ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது; மேற்கத்திய இசைக்கு நல்ல அடித்தளம் கிடைக்கும். ஜாஸையே மையமாக வைத்துப் படிக்க வேண்டும் என்றால் டெல்லிப் பக்கம் கிரேட்டர் நொய்டாவில் குளோபல் மியூசிக் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ஒரு வருடம் முடிந்த பிறகும் காலையில் எழுந்ததும் கருவியை எடுக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றாவிட்டால் லட்சக்கணக்கில் மிச்சம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இருக்கிற கருவியைச் சரிசெய்யுங்கள்

எனக்கு முதல் சாக்ஸ் சித்தப்பாவின் பேண்ட் செட்டிலிருந்து வந்தது. கல்யாண ஊர்வலத்திலும் கோயில் கொடையிலும் இருபது வருடம் உழைத்த ஆல்டோ. இரண்டு கீயை ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். கீழ் ஸ்தாயி பிசிறடிக்கும். ஒரு வருடம் என் வாயில்தான் கோளாறு என்று நினைத்து அழுத்தி அழுத்தி ஊதினேன். கடைசியில் பார்த்தால், கீயின் அடியில் துளையை மூடும் பேட் ஓட்டை. கீயை மூடிக்கொண்டு உள்ளே சின்ன எல்.இ.டி. விளக்கை விட்டு, இருட்டில் பாருங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே காற்றும் கசியும். பேட் மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். பணம் இருந்தால் முதலில் நல்ல மவுத்பீஸ் வாங்குங்கள். சத்தத்தை மாற்றுவது அதுதான், பித்தளைப் பளபளப்பு இல்லை.

மவுத்பீஸில் பொருத்தும் மெல்லிய ரீடைப் பொறுத்தவரை ஆரம்பத்தில் கெட்டி அளவு 2 அல்லது 2½ போதும். பேண்ட் செட்டில் வெளியில் கேட்க வேண்டும் என்பதற்காகக் கெட்டி ரீடு போட்டு ஊதிப் பழகியிருப்போம். அதே பழக்கத்தோடு சின்ன அறையில் உட்கார்ந்தால் காது அடைக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ரீடு காய்ந்து நெளிந்துபோகும். நான்கு ரீடை வைத்துக்கொண்டு முறை மாற்றிப் போடுங்கள், மூடிய டப்பாவில் வையுங்கள்.

தினமும் அரை மணி நேரம் லாங் டோன். ஒரே சுரம், ஒரே மூச்சு, மெதுவாகத் தொடங்கிப் பெருக்கி மறுபடி மெதுவாக. வீட்டில் பக்கத்து வீட்டு ஆச்சி சண்டைக்கு வருவார்கள். நான் சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போய்விடுவேன். தாமிரபரணியைப் பார்த்து ஊதினால் யாரும் எதுவும் சொல்வதில்லை, துணி துவைக்கிற அக்காமார் தவிர. அவர்களும் “ஏதாவது பாட்டு வாசிடே, ஒரே நோட்டையா இழுத்துக்கிட்டு” என்பார்களே தவிர, விரட்ட மாட்டார்கள்.

காது, பிறகு வாய், பிறகு விரல், கடைசியில் காகிதம்

ஜாஸ் மாணவர்களின் கையில் எப்போதும் ஒரு தடிமனான ‘ரியல் புக்’ இருக்கும். 1970-களில் பெர்க்லி மாணவர்கள் திருட்டுத்தனமாகத் தொகுத்து நகலெடுத்து விற்ற பாட்டுத் தொகுப்பு அது. பிற்காலத்தில்தான் முறையான உரிமையோடு அச்சானது. நல்ல புத்தகம்தான். ஆனால் அதைத் திறந்து வைத்துக்கொண்டே பாட்டுப் படித்தால் பாட்டு உங்களுக்குள் போகாது. நம் வீடுகளில் பாட்டு எப்படி வந்தது? வாத்தியார் பாடுவார், நாம் திரும்பப் பாடுவோம். அந்த வழியை விடாதீர்கள். அதுதான் ஜாஸ்காரர்களின் பழைய வழியும்.

ஒரு சோலோவை, அதாவது ஒருவர் முன்னே நின்று கற்பனையில் வாசிக்கும் பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சோலோவுக்கு நான் சொல்வது ‘ஸோ வாட்’டில் மைல்ஸ் வாசிப்பதைத்தான். அவசரமில்லாத வாசிப்பு, சுரங்கள் குறைவு, இடைவெளி அதிகம். இரண்டு வாரம் கருவியைத் தொடாதீர்கள். கேளுங்கள், பிறகு கூடவே பாடுங்கள். தண்ணீர் மோட்டார் ஓடும்போதும் உங்களால் அதைத் தனியாகப் பாட முடிந்தால் தயார். அப்புறம் சாக்ஸில் தேடுங்கள். முழுக்க வாசிக்க வந்த பிறகு எழுதிப் பாருங்கள். எழுதும்போதுதான் ஒரு விஷயம் பிடிபடும்: அவர் எந்தச் சுரத்தை வாசித்தார் என்பதைவிட, எங்கே வாசிக்காமல் விட்டார் என்பது எவ்வளவு கணக்காக இருக்கிறது!

வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறது. பாதி வேகத்தில் கேட்கலாம். ஆனால் தினமும் ஒரு தடவையாவது முழு வேகத்தில் கேட்டுவிட்டுத் தூங்குங்கள். பாதி வேகத்தில் ஸ்விங், அதாவது ஜாஸின் ஆட்ட நடை, செத்துப்போகும்.

ச நகர்வதைக் காதால் பிடிப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ராகத்தையும் மேற்கத்திய ஸ்கேலையும் (சுர வரிசை) பொருத்தி ஒரு பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. சங்கராபரணம் மேஜர், கரகரப்பிரியா டோரியன், அரிகாம்போதி மிக்ஸோலிடியன், கல்யாணி லிடியன், நடபைரவி மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர். பட்டியல் சரி. சுரங்கள் ஒத்துப்போகின்றன. நான் இந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, பாதி ஜாஸ் எனக்கு வந்துவிட்டது என்று நம்பினேன். ராகத்துக்குப் பிடிப்பு உண்டு, நடமாட்டம் உண்டு, தம்புராவின் ச கீழே நிற்கும். ஜாஸில் ஸ்கேல் என்பது ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) நீடிக்கிற இரண்டு நொடிக்கான சுரக் கூடை. அடுத்த கார்டு வந்ததும் கூடை மாறும். கரகரப்பிரியா ஆலாபனையை அந்த இரண்டு நொடியில் திணித்தால் என் கதைதான் உங்களுக்கும்.

அதனால் ஸ்கேலை மறந்துவிட்டு முதலில் இரண்டு சுரத்தைப் பிடியுங்கள். ஜாஸில் ஆயிரம் பாட்டில் வருகிற ஒரு தொடர் உண்டு: டூ-ஃபைவ்-ஒன், அதாவது இரண்டாவது, ஐந்தாவது, முதல் சுரங்களில் எழும் கார்டுகள். சி-யை ச என்று வைத்துக்கொண்டால், டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். நம் சுரத்தில் எழுதினால், முதல் கார்டு ரி ம த ச. இரண்டாவது ப நி ரி ம. மூன்றாவது ச க ப நி. இப்போது முதல் கார்டில் ம, ச இரண்டையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கார்டு வரும்போது ம அப்படியே நிற்கும், மேல் ச ஒரு படி இறங்கி நி ஆகும். மூன்றாவது வரும்போது நி அப்படியே நிற்கும், ம இறங்கி க ஆகும். ச-நி, ம-க. இவ்வளவுதான். வீட்டில் கீபோர்டு இருந்தால் இடது கையில் ரி, ப, ச என்று அடிச்சுரத்தை அழுத்திக்கொண்டு, வாயால் ‘ச… நி… நி’ என்று பாடுங்கள். பிறகு ‘ம… ம… க’. ஒரு வாரத்தில் அந்த இறக்கம் வருமுன்னே காது எதிர்பார்க்கத் தொடங்கும். அந்த எதிர்பார்ப்பு வந்துவிட்டால் கார்டு மாற்றம் உங்களை ஏமாற்ற முடியாது.

பிறகு இதையே பன்னிரண்டு சுருதியிலும். ஒரு நாளைக்கு ஒரு சுருதி போதும். ஆல்டோ சாக்ஸ்காரர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும்: பியானோவில் சி என்றால் நமக்கு ஏ. பியானோக்காரர் டி மைனர், ஜி, சி என்றால் நாம் பி மைனர், ஈ, ஏ. இதை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வாசிக்கக் கூடாது. பழகிப் பழகித் தானாக வர வேண்டும்.

பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், நாசரேத் பக்கம் தேவாலயக் குவையரில் (பாடகர் குழு) பாடியவர்களுக்கு இங்கே ஒரு பெரிய லாபம். சுரத்தை எழுத்தில் எழுதிய டோனிக் சோல்ஃபா பார்த்து டெனரோ ஆல்டோவோ பாடியிருப்பீர்கள். மேல் பாட்டைச் சோப்ரானோ பாடும்போது, நடுக்குரல் ஒரே சுரத்தில் நின்று நின்று ஒரு படி மட்டும் இறங்கும். ‘இது என்ன பாட்டு, நகரவே மாட்டேங்குது’ என்று சலித்துக்கொண்டே பாடியிருப்பீர்கள். அந்த நகராத குரல்தான் மேலே சொன்ன ச-நி, ம-க. நான் பதினொரு வருடம் டெனர் பாடினேன். அதுதான் இது என்று தெரிய இரண்டாவது செமஸ்டர் ஆனது.

தாளம்: நம்மிடம் இருப்பதும் இல்லாததும்

ஜாஸ் பாட்டுகளில் பெரும்பாலானவை 32 பார் அல்லது 12 பார் கொண்ட வட்டங்கள். சோலோ வாசிக்கிறவர் அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். வட்டத்தை மறந்தால் ஆள் காலி. ஆதி தாளம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லும் சூத்திரம்: நான்கு எண்ணிக்கை கொண்ட எட்டு பார் என்றால் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் நான்கு ஆவர்த்தனம். ‘ஸோ வாட்’ 32 பார், அதாவது பதினாறு ஆவர்த்தனம். முதல் எட்டு ஆவர்த்தனம் கீழே, அடுத்த நான்கு அரை சுரம் மேலே, கடைசி நான்கு மறுபடி கீழே. பாட்டைப் போட்டுவிட்டு ஊதாமல் விரலில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். பிரிட்ஜ் வரும் இடத்தில் உடம்பு நிமிர வேண்டும். இந்தப் பயிற்சியை நான் முதல் வருடம் டிசம்பரில்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் கடைசி காம்போவுக்குத் தள்ளப்பட்டிருந்தேன்.

12 பார் ப்ளூஸ் இன்னும் எளிது. முதல் நான்கு பார் ச-வின் கார்டு, அடுத்த இரண்டு ம-வின் கார்டு, இரண்டு பார் மறுபடி ச, ஒரு பார் ப, ஒரு பார் ம, கடைசி இரண்டு ச. ஜாஸ்காரர்கள் ஒன்பது, பத்தாவது பாரில் மேலே சொன்ன டூ-ஃபைவைச் செருகிக்கொள்வார்கள்.

ஸ்விங்கைப் புரியவைக்க வெள்ளைக்கார ஆசிரியர்கள் படாத பாடு படுவார்கள். நமக்குத் திஸ்ர நடை தெரியும். ‘தகிட தகிட’ சொல்லுங்கள். நடு ‘கி’-யை விழுங்குங்கள்: ‘த-ட, த-ட’. மெதுவான பாட்டில் ஸ்விங் ஏறக்குறைய இதுதான். வேகம் ஏற ஏற இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். வேகமான பாட்டிலும் ‘த-ட’ என்று நொண்டினால் குதிரை வண்டி மாதிரி இருக்கும்.

நம்மிடம் இல்லாதது வேறு. நம் பிடிப்பு சமத்தில். ஜெபக்கூட்டத்திலும் பஜனையிலும் முதல் எண்ணிக்கையில் கை தட்டியே பழகியிருக்கிறோம். ஜாஸில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும். மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். அந்த அடியை ஒன்று என்று எடுக்காமல் இரண்டு, நான்கு என்று எடுத்துக்கொண்டு வாசியுங்கள். பாட்டின் வேகம் 120 ஆகும். முதல் நாள் தலை சுற்றும், நான்காம் நாள் சரியாகும். பேண்ட் செட் மாஸ்டர் எனக்குப் பத்து வயதில் சொன்னது இன்றைக்கும் பொருந்தும்: “மொதல்ல கால தட்டுலே. பொறவு ஊது.”

ஆடிஷன்

பெரும்பாலான இடங்களில் முதலில் வீடியோ கேட்பார்கள், பிறகு நேரிலோ இணையத்திலோ ஆடிஷன். வெவ்வேறு மாதிரியான மூன்று நான்கு பாட்டு கையில் இருக்கட்டும்: ஒரு ப்ளூஸ், நடுத்தர வேகத்தில் ஒரு ஸ்டாண்டர்டு (ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கும் பாட்டு), மெதுவாக ஒரு பாலட், முடிந்தால் வேகமாக ஒன்று. மெலடியைச் சுத்தமாக வாசியுங்கள். வேகமாக விரல் ஓட்டுகிறவர்கள் வரிசையில் நூறு பேர் நிற்பார்கள். ஒரு பாலடின் மெலடியை உயிரோடு வாசிக்கிறவர் அபூர்வம். அத்துடன் பார்த்து வாசித்தல் உண்டு. ஆசிரியர் ஒரு சொற்றொடர் வாசிக்க, அதை நீங்கள் திருப்பி வாசிக்க வேண்டியதும் உண்டு. அந்தக் கட்டத்தில் நமக்குப் பயமே வேண்டாம். குருகுல வழியில் படித்த எந்தப் பிள்ளைக்கும் அது தண்ணீர் பட்ட பாடு.

வீடியோ ஒரே டேக்காக இருக்க வேண்டும், வெட்டி ஒட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள். எடுக்கும் வாரத்தில் தெருவில் கொடை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். என் முதல் வீடியோவில் பாலடின் உருக்கமான இடத்தில் முத்தாரம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் திறந்தது. இரண்டாவதில் குக்கர் விசில். மூன்றாவதைப் பள்ளிக்கூட லீவு நாளில் ஒரு காலி வகுப்பறையில் எடுத்தேன். எதிரொலி கொஞ்சம் இருந்தாலும் அதுதான் தேறியது.

ஒரு எச்சரிக்கை. ‘ஆடிஷன் இல்லாமலே சீட் வாங்கித் தருகிறேன்’ என்று சொன்ன ஒரு ஏஜென்டிடம் அப்பா முப்பதாயிரம் கொடுத்து இழந்தார். இசைக் கல்லூரியில் ஆடிஷன் இல்லாமல் சீட் கிடைக்கிறது என்றால் அந்தச் சீட்டால் பயன் இல்லை. விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் போடலாம்.

பணம்

அமெரிக்காவில் தனியார் இசைக் கல்லூரிகளின் கட்டணம் நம் கற்பனைக்கு எட்டாதது. நல்ல உதவித்தொகை கிடைக்காமல் அங்கே போவதை நான் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் பெரும்பாலான அரசு இசைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு அல்லது இல்லை. மன்ஹைம், ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் குறைவு என்றாலும் விசாவுக்கு ஒரு வருடச் செலவை முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது மாதம் 992, வருடத்துக்கு 11,904 யூரோ என்று உயர்ந்தது. இளநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழிச் சான்றும் கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஜெர்மன் தொடங்கிவிடுங்கள். நுழைவுத் தேர்வில் முதன்மைக் கருவியோடு கோட்பாடு, காதுப் பயிற்சி, கொஞ்சம் பியானோ ஆகியவையும் இருக்கும்.

கல்விக் கடனில், பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஈடு கேட்கும். நான் போன வங்கியில் மேலாளர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “பிளேஸ்மென்ட் எவ்வளவு வரும்?” என்று கேட்டார். ஜாஸுக்கு. நான் உளறினேன். நீங்கள் உளறாதீர்கள்: பாட ஆசிரியர் வேலை, ஸ்டுடியோ வாசிப்பு, கச்சேரி ஊதியம் என்று ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். திருப்பிக் கட்டும்போது வட்டிக்கு, பழைய வருமானவரி முறையில் இருந்தால், எட்டு வருடம் வரை விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டுக்கு மதுரை போக வேண்டியதில்லை, திருநெல்வேலியிலேயே சேவா மையம் இருக்கிறது.

முதல் வருடம்

தரம் பிரிக்கும் தேர்வில் கோட்பாட்டில் மேலேயும் காம்போவில் கீழேயும் என்னைப் போட்டார்கள். வலித்தது. ஆனால் கீழ் காம்போவில்தான் எல்லோரும் பேசுவார்கள், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அங்கேதான் டிரம்ஸ் பையன் எனக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தான்: சோலோ வாசிக்கும்போது பேஸை மட்டும் கேள். அதன் பிறகு என் வாசிப்பே மாறியது. நம்மில் பலர் சோலோவைத் தனி ஆவர்த்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம். சாக்ஸ்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பியானோ பதில் சொல்கிறது, டிரம்ஸ் தூண்டுகிறது. காது கொடுத்தால்தான் தெரியும்.

பயிற்சி அறைக்கு அதிகாலையில் போங்கள், பத்து மணிக்கு மேல் காலியாக இருக்காது. ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஊதினால் உதடு வீங்கும், மறுநாள் வீண். வாரம் ஒரு பாட்டு மனப்பாடம். புத்தகத்தை மூடிவிட்டு, வேறு சுருதியிலும். வருடத்துக்கு நாற்பது பாட்டு என்றால் நான்கு வருடத்தில், ஒத்திகை இல்லாமல் கூடி வாசிக்கும் எந்த ஜாம் செஷனிலும் நிற்கலாம். ஜாம் செஷனில் தெரியாத பாட்டை யாராவது அழைத்தால் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். தெரிந்த மாதிரி ஏறி நிற்பதுதான் கேவலம். கேட்டால் என்னிடம் அதற்கும் ஒரு கதை உண்டு, அதை விட்டுவிடுவோம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி: ஒரு கிலோ இட்லிப் பொடி கொண்டு போனேன். இரண்டு மாதம் வந்தது.

ஊர்ச் சங்கீதத்தைக் கழற்றி வைக்க வேண்டாம்

முதல் வருடம் முழுக்க நான் கமகத்தை மறைத்தே வாசித்தேன், ‘இந்தியன்’ என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று. வேண்டாத பயம். இந்தப் பாதையில் முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். பெர்க்லியில் பாடம் நடத்திய அமெரிக்க சாக்ஸ் கலைஞர் சார்லி மரியானோ தென்னிந்தியா வந்து நாகஸ்வரம் கற்று அதை மேடையிலும் ஒலிப்பதிவிலும் வாசித்தார். கர்நாடக இசையைச் சாக்ஸில் வாசித்த கத்ரி கோபால்நாத்தும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ 2008-ல் வந்தது. இரண்டு ஆல்டோவும் ஒன்றையொன்று எப்படி விடாமல் கவனிக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் ஹார்வர்டில் பேராசிரியர். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பொறியியல் படித்துவிட்டு பெர்க்லி போன கிட்டார் பிரசன்னா, இரண்டையும் விடாமல் வாசிக்கிறார்.

வரிசை மட்டும் முக்கியம். முதலில் ச நகர்வதோடு நகரப் பழகுங்கள். அதன் பிறகு கமகத்தைக் கொண்டுவாருங்கள். தலைகீழாகச் செய்தால் கமகம் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. போகுமுன் ஆறு மாதமாவது யாரிடமாவது நாகஸ்வரமோ வாய்ப்பாட்டோ முறையாகப் படியுங்கள். திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நாகஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள். காருகுறிச்சியாரின் ஆலாபனையில் ஒரு சொற்றொடர் முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். ஒரு சோலோவை எப்படி மெல்லக் கட்டி எழுப்புவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் என் நான்கு வருடத்தில் கிடைக்கவில்லை.

லீவுக்கு வந்தால்

முதல் லீவுக்கு வந்தபோது பேண்ட் செட் ஷெட்டுக்குப் போனேன். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து யூஃபோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அங்க என்னலே படிச்ச, வாசி பாப்பம்” என்றார். ‘ஸோ வாட்’ வாசிக்கிறேன் என்றேன். எத்தனை ஆவர்த்தனம் என்று கேட்டார். எட்டு கீழே, நாலு மேலே, நாலு கீழே என்றேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். பியானோ கிடையாது, பேஸ் கிடையாது, அவர் கை மட்டும்.

எட்டாவது ஆவர்த்தனம் முடிகிற இடத்தில் நான் மூச்சு எடுத்தேன். மாஸ்டர் தாளத்தை விடாமல் தாடையைத் தூக்கி, “ஏறுலே” என்றார்.

ஏறினேன்.